கறுப்புத் தம்பியின் விரதம்

கிள்ளானில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பில், ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த வரிசை வீடுகளில், கறுப்பு நாய் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. வம்பெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

அவன் பக் என்னும் சப்பை மூக்கு நாய். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் தங்கை ஆசைப்பட்டு வாங்கினாள். அவள் இருக்கும் கொண்டோ அடுக்குமாடியில் நாய் கூடாது என்று நிர்வாகத்தார் கண்டிப்பாகச் சொன்னதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கிவிட்டாள். "ஒரு வாரந்தான் அக்கா, வேற இடம் பார்த்துருவேன்" என்றாள். நாலைந்து வருடம் ஆகிறது, அந்த வாரம் இன்னும் முடிந்தபாடில்லை.

கூடைக்குள் எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர், "என்னடி இது, மூஞ்சிய எங்கயாவது இடிச்சுக்கிச்சா?" என்றார். அன்று மாலைக்குள் அது அவருக்குத் தம்பி ஆகிவிட்டது. நான் முழுசாக ஒரு நாள் பிடிவாதமாக இருந்தேன். மறுநாள் நானும் தம்பி என்றேன்.

பக் நாயிடம் எனக்குப் பிடித்த குணம், அதற்குத் தன்னைப் பற்றி இருக்கும் உயர்ந்த அபிப்பிராயம். திருடன் வந்தால் வாலாட்டும். தபால்காரர் வந்தாலும் வாலாட்டும். ஆனால் நாம் சோபாவில் அது உட்காரும் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காரணம் பிறகுதான் தெரிந்தது. சீன அரண்மனைகளில் அரசர்களின் மடியில் வளர்ந்த இனமாம். டச்சுக்காரர்களின் கப்பல் ஏறி ஐரோப்பா போய், அங்கேயும் ராஜா ராணி மடிகளாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டு, உலகத்தைச் சுற்றிக் கடைசியில் கிள்ளானுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. என் கொள்ளுத்தாத்தாவும் மலாயாவுக்குக் கப்பலில் வந்தவர்தான். அவரை யாரும் மடியில் வைத்துக் கொஞ்சவில்லை, ரப்பர் மரத்தைத்தான் காட்டினார்கள்.

நெற்றிச் சுருக்கம் சீன எழுத்தில் அரசன் என்று எழுதியதுபோல அமைந்தால் அந்தக் காலத்தில் ஒசத்தியாம். எங்கள் எதிர் வீட்டு அக்கா அதே நெற்றியைப் பார்த்துவிட்டு வேறு ஒன்றைக் கண்டுபிடித்தார். "நல்லா பாருங்க, பட்டை போட்டிருக்கான்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கறுப்பு நாய், நெற்றியில் பட்டை. பைரவரே நேரில் வந்துவிட்டார் என்று முடிவாகிவிட்டது.

அக்காவுக்கு அப்போது ஏழரைச் சனி. சனிக்கிழமைதோறும் கறுப்பு நாய்க்குத் தயிர் சாதம் வைத்தால் உக்கிரம் குறையும் என்று கோயிலில் யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கே போய்க் கறுப்பு நாய் தேடுவது என்று அலைந்துகொண்டிருந்தவருக்குத் தெருவைத் தாண்டினால் தம்பி. இரும்புக் கேட்டின் கம்பிகளுக்கிடையே வாழையிலைத் துண்டை நீட்டினால் போதும், அவன் துடைத்து வைத்துவிடுவான். செய்தி பரவியது. தேய்பிறை அஷ்டமி வந்தால் கேட்டு முன்னால் வடை, பொங்கல், பால் என்று வரிசை கட்டிவிடும். மூலை வீட்டு அங்கிளுக்கு ராசி சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று தினமும் காலையில் பாதி ரொட்டி சானாய், பரோட்டா மாதிரிதான், கொண்டுவந்து கொடுத்தார்.

நானும் என் வீட்டுக்காரரும் இதில் பெருமைப்பட்டோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், காலையில் கொமுட்டர் ரயில் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. பகலில் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற என் வீட்டுக்காரரோ, தம்பிக்கு வரும் வடையில் ஒன்றைத் தனக்கும் எடுத்து வைத்துக்கொள்பவர். இருவரும் குண்டானார்கள். இருவரும் மத்தியானம் குறட்டை விட்டார்கள். தம்பியின் குறட்டை அடுத்த வீடு வரை கேட்கும். வருகிறவர்களையெல்லாம் அதைக் கச்சேரி மாதிரிக் கேட்க வைப்போம். "எவ்வளவு நிம்மதியா தூங்குறான் பாருங்க" என்று எல்லோரும் சிரிப்பார்கள். வாயைத் திறந்து இளைப்பதைப் பார்த்தால் அவனும் சிரிப்பதுபோலவே இருக்கும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். மழை வருவதுபோல வந்து ஏமாற்றிவிட்டுப் போன நாள், புழுக்கம் தாங்கவில்லை. அக்காவின் தயிர் சாதத்தை முடித்துவிட்டுக் கேட்டோரம் நின்றவன் அப்படியே சரிந்து படுத்தான். துணி காயப்போட வந்த நான் முதலில் பார்த்தது அவன் வாலை. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். பக் நாயின் வால் முறுக்கு மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றி முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். அன்று அது நேராகத் தரையில் கிடந்தது. நாக்கு நீலம் பாரித்திருந்தது.

ஈரத் துண்டில் சுற்றி, காரில் ஏர்கோனை முழுதாக வைத்து, என் வீட்டுக்காரர் சிவப்பு விளக்கையெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினார். கால்நடை கிளினிக்கில் இருந்த டாக்டர் சின்னப் பெண், நம் தமிழ்ப் பெண்தான். ஆக்ஸிஜன் வைத்து, உடம்பைக் குளிரப்படுத்தி, அவன் கண் திறந்த பிறகுதான் எங்களிடம் பேசினாள்.

"எப்பவும் இப்படித்தான் சத்தமா மூச்சு விடுவானா ஆன்டி?"

"ஆமாம்மா, நல்லா குறட்டை விடுவான்" என்றேன், பழைய பெருமையின் மிச்சத்தோடு.

"அது குறட்டை இல்ல ஆன்டி. மூச்சுக்குக் கஷ்டப்படுறான்."

மூக்குத் துவாரங்களைக் காட்டினாள். சின்ன வெண்டைக்காய் விதை நுழையாத இரண்டு கோடுகள். மூஞ்சியைத் தட்டையாக்கித் தட்டையாக்கி வளர்த்ததில் எலும்பு சுருங்கிவிட்டது, உள்ளே இருக்கும் சதை சுருங்கவில்லை. மேலண்ணத்தின் பின்பகுதி நீண்டு தொண்டையை அடைக்கிறது. நாய்க்கு வியர்த்துக் கொட்டாது, இளைத்து இளைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். இந்த மூக்கை வைத்துக்கொண்டு இந்த ஊர் வெயிலில் அது எப்படி முடியும்? துவாரத்தைப் பெரிதாக்கி, அண்ணத்தைக் கொஞ்சம் வெட்டிவிடலாம், ஆனால் இந்த எடையில் மயக்க மருந்து கொடுக்கப் பயமாக இருக்கிறது என்றாள். "மெலிய வைங்க ஆன்டி. சீக்கிரம். இன்னொரு தடவ இப்படி ஆனா நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

திரும்பும்போது எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. பழைய ஓவியங்களைக் கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். அதில் பக் நாய்களுக்கு மூக்கு என்று ஒன்று இருந்தது. அழகு பார்க்கிறோம் என்று மனிதர்கள் அதைத் தேய்த்தே அழித்திருக்கிறார்கள். பாவிகள். மூச்சு விட முடியாத ஒரு பிள்ளையை நடுக்கூடத்தில் வைத்து, ஊரைக் கூட்டிச் சிரித்திருக்கிறோமே!

அன்றே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் "ஐயோ பாவம்" என்றார்கள். மறுநாள் காலையில் ரொட்டி சானாய் வந்தது. "கொஞ்சூண்டுதானே லா" என்றார் அங்கிள். கேட்டில் அட்டை எழுதி மாட்டினேன். அட்டையைத் தாண்டி வடை வந்தது. எதிர் வீட்டு அக்காவுக்கு என் மேல் வருத்தம்கூட. "சாமிக்கு வைக்கிறத வேணாம்னு சொல்லலாமா? எனக்கு இன்னும் சனி முடியல" என்றார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொன்னேன். அமிர்தம் என்ற சொல் மட்டும் அவர் காதில் விழுந்தது போலிருக்கிறது. வேலைக்குப் போகும் நான் கேட்டைக் காவல் காக்க முடியுமா? என் வீட்டுக்காரரை நம்பலாம் என்றால், அவரே தம்பிக்குப் பிஸ்கட் கொடுத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிற ஆள்.

அது தைப்பூசத்துக்கு முந்திய சமயம். மாலை ரயிலில் என் எதிரே மஞ்சள் வேட்டியும் மாலையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் கறிபாப் பலகாரப் பொட்டலத்தைப் பிரித்து, "சாப்பிடுங்கண்ணே" என்று நீட்டினார். இவர் மெதுவாக, "விரதம்" என்றார். அவ்வளவுதான். அவர் பதறிப்போய் நெஞ்சில் கைவைத்து மன்னிப்புக் கேட்டு, பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். தானும் சாப்பிடவில்லை.

டாக்டர் சொன்னால் கேட்காத கூட்டம், அட்டை மாட்டினால் படிக்காத கூட்டம், இந்த ஒரு சொல்லுக்குக் கட்டுப்படும். கிள்ளானில் இறங்கி, லிட்டில் இந்தியாவில் ஒரு முழம் மஞ்சள் துணி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தம்பியைச் சாமி படத்துக்கு முன்னால் உட்காரவைத்து, "முருகா, இவனுக்கு மூச்சைக் கொடு" என்று மனதார வேண்டிக்கொண்டு கழுத்தில் தளர்வாகக் கட்டினேன். அது நடிப்பு இல்லை. வேண்டுதல்தான்.

"நாய்க்கு விரதமா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"ஏன், ஒங்களுக்கு இருக்கத் தெரியலன்னா அவனுக்கும் தெரியாதா? வீட்டுல ஒருத்தர் விரதம்னா எல்லாருக்கும் சைவந்தான். நாளையிலேர்ந்து ஒங்களுக்கும் கோழி கெடையாது."

சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் ரொட்டியோடு வந்த அங்கிள் மஞ்சள் துணியைப் பார்த்தார். "விரதம் அங்கிள்" என்றேன். நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "சொல்லவே இல்லையே லா, மன்னிச்சிரு தம்பி" என்று நாயிடமே சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை தூக்குடன் வந்த அக்கா கேட்டுக்கு வெளியே திகைத்து நின்றார். "அப்ப என் தயிர் சாதம்?"

"விரதம் இருக்கிறவங்களுக்குச் சோறு போடுறதவிட, பணிவிடை செஞ்சா புண்ணியம் அதிகம்னு சொல்வாங்களே அக்கா."

அக்கா யோசித்தார். "என்ன செய்யணும்?"

"வெயிலு வர்றதுக்கு முன்னால கொஞ்சம் நடத்திக் கூட்டிட்டுப் போகணும்."

அன்றிலிருந்து விடிந்தும் விடியாமலும் அக்கா வந்துவிடுவார். கழுத்துப் பட்டை மூச்சை அழுத்தும் என்பதால் நெஞ்சோடு மாட்டும் வாரைப் போட்டு, தெருக்கோடி வரைக்கும் நடத்துவார். அடுத்த வாரம் பாசார் சந்தை வரைக்கும் போனார்கள். வெள்ளரிக்காய்த் துண்டு விரதத்துக்கு ஆகும் என்று டாக்டர் அனுமதித்ததும் அங்கிள் அதை நறுக்கி டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தார். அஷ்டமியன்று வந்தவர்கள் அவன் முகத்து மடிப்புகளை ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் காய்ந்த துணியால் ஒற்றினார்கள், அழுக்குத் தங்கினால் புண்ணாகிவிடும் என்று ஒருவருக்கொருவர் பாடம் வேறு. தம்பிக்கு இடுப்பு என்று ஒன்று தெரிய ஆரம்பித்தது. என் வீட்டுக்காரருக்கும் பழைய சிலுவார் மறுபடி இடுப்பில் ஏறியது. அவர் அதை யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

தைப்பூசம் முடிந்து சில நாளில், "இப்ப செய்யலாம் ஆன்டி" என்றாள் டாக்டர். அறுவைச் சிகிச்சை நாளன்று நான் விடுப்பு எடுத்தேன். கிளினிக்கின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நான், என் வீட்டுக்காரர், அக்கா, அங்கிள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா வாய்க்குள்ளேயே கவசம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கதவு திறந்து, "முழிச்சிட்டான்" என்று அவள் சொன்னபோது அங்கிள் எழுந்து நின்று கைதட்டினார்.

முதல் சில நாள் வீக்கத்தால் பழைய சத்தம் இருந்தது. வீக்கம் வடிந்ததும் காட்டச் சொன்னாள். நான் மட்டும் தூக்கிக்கொண்டு போனேன். வெளியே உச்சி வெயில். எங்கள் முறைக்குக் காத்திருக்கும்போது மடியில் தூங்கிப்போனான். கொஞ்ச நேரம் கழித்து ஏதோ சரியில்லை என்று தோன்றியது. குனிந்து கேட்டேன். சத்தமே இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

முறையாவது ஒன்றாவது! அவனை அள்ளிக்கொண்டு, உள்ளே ஒரு பூனைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த டாக்டரின் முன்னால் போய் நின்றேன். "பாரும்மா, பாரு" என்று அவனை நீட்டினேன். அவள் பூனையைத் தாதியிடம் கொடுத்துவிட்டு, அவன் நெஞ்சில் குழாயை வைத்தாள். கேட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"தூங்குறான் ஆன்டி. நாய் தூங்கினா இப்படித்தான் இருக்கும்."

என் உள்ளங்கையை அவன் மூக்குக்கு முன்னால் வைத்தேன். சின்னதாக, சீராக, காற்று வந்து வந்து போயிற்று. இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் என் பிள்ளை தூங்குகிறான். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷம் தாங்காமல் அழுதேன். பூனைக்காரப் பெண்மணி என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவன் எழும்வரைக்கும் நான் எழுந்திருக்கப் போவதில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.