மசாலாவின் மேல் விழுந்த பழி

கள்ளக்குறிச்சியில் முஸ்லிம் வீட்டு விசேஷத்துக்குச் சமையல் ஆள் பேசும்போது கமர் ஜஹான் பெயர் வராமல் இருக்காது. அவருடைய கணவர் ஹயாத் பாஷா பஞ்சு மெத்தை தைத்து விற்றவர். அவர் திடீரென்று இறந்துபோனபோது மகன் அஷ்பாக் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவனை வளர்க்கத்தான் கமர் ஜஹான் கரண்டியைப் பிடித்தார். பிறகு அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. பிரியாணியைவிட, அதற்கு ஊற்றிக்கொள்ள அவர் வைக்கும் பருப்புத் தால்ச்சாவுக்குத்தான் பேர் அதிகம். கொதிக்கிற பெரிய தேக்சாப் பாத்திரத்திலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, தலையை ஆட்டினால் இறக்கிவிடலாம் என்று அர்த்தம். மசாலா அரைக்க, வெங்காயம் உரிக்க, அரிசி களைய எல்லாவற்றுக்கும் ஆயம்மாள் கூட இருப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து சமைக்காத மண்டபம் அந்தப் பக்கத்தில் கிடையாது.

அஷ்பாக் வளர்ந்து கடைத்தெருவில் செல்போன் கடை வைத்தான். திருக்கோவிலூர் துணிக்கடைக்காரர் மகள் சப்ரினைக் கட்டினான். அதற்குப் பிறகு அம்மாவின் வேலை அவனுக்கு உறுத்த ஆரம்பித்தது. கல்யாண வலிமா விருந்துகளில் மாமனாரோடு பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, பின்கட்டிலிருந்து அம்மா வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, "சோறு பத்துதாங்க?" என்று எல்லோரையும் கேட்பார். அவன் தலையைக் குனிந்துகொள்வான். வாய்விட்டு எதுவும் சொன்னதில்லை. "போதும்மா, ஓய்வா இரு" என்பான். பாசம் என்றுதான் அவர் நினைத்தார்.

தியாகதுருகத்தில் ஒரு கல்யாணத்தில் கமர் ஜஹான் தேக்சா கழுவிய தண்ணீரில் வழுக்கினார். கையை ஊன்றி உட்கார்ந்தார், அவ்வளவுதான். அதற்கே மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் பிரித்த பிறகு கள்ளக்குறிச்சி எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எலும்பு மெலிந்து சல்லடை மாதிரி ஆகிவிட்டதாம். நர்ஸ் அவருக்குக் கைப்பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, டாக்டர் மகனை உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவனிடம் கமர் ஜஹான் கேட்டார்.

"இன்னா சொன்னாருடா?"

"பலத்துக்கு மாத்திரை குடுத்துருக்காரும்மா. வெள்ளிக்கெழம காலையில ஒண்ணு போட்டுக்கோ. வேற ஒண்ணும் இல்ல."

அப்படியே செய்தார். வெள்ளிக்கிழமை விடியலில் சப்ரின் தரும் டீயோடு மாத்திரையை விழுங்குவார். பிறகு பஜ்ரு தொழுவார். தொழுதுவிட்டுச் சற்று நேரம் படுத்துக்கொள்வார்.

சில வாரங்கள் போனதும் நெஞ்சில் எரிச்சல் வந்தது. முதலில் புளியேப்பம் மாதிரி இருந்தது. பிறகு சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தால், கொதிநீர் மாதிரி ஏதோ தொண்டைவரை ஏறியது. குரல் கரகரத்தது. சோற்றை விழுங்கினால் நெஞ்சுக்கு நடுவில் நின்று நின்று இறங்கியது. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து தொழ ஆரம்பித்தார். தரையில் நெற்றி வைக்க முடியாமல் போனது அவருக்குப் பெரிய குறையாக இருந்தது. என்ன பாவம் செய்தோம் என்று யோசித்து யோசித்து அழுதார்.

மாத்திரை தீர்ந்தபோது அஷ்பாக் மட்டும் டாக்டரிடம் போய்விட்டு, புது மாத்திரை அட்டையோடு வந்தான்.

"எரிச்சலப் பத்திக் கேட்டேம்மா. எல்லாம் நீ பண்ற மசாலாவும் அடுப்புப் புகையும்தான்னாரு. இத்தினி வருஷமா நக்கி நக்கிப் பாத்ததுல வயிறு வெந்துபோச்சாம். இனிமே சமையல் வேலையே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு."

கமர் ஜஹான் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "டாக்டரே சொல்லிட்டா இன்னா பண்றது" என்றார். பேசியிருந்த விசேஷங்களை ஒவ்வொரு வீடாகப் போய்த் தானே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். தேக்சாக்கள் கொல்லையில் சும்மா கிடந்தன. அஷ்பாக் பழைய பாத்திரக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, "எடுத்துக்கினு போகட்டும்" என்று அவரே சம்மதம் சொன்னார். வண்டியில் ஏற்றும்போது மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டில் அவருக்குத் தனியாக மோர் சோறும் இட்லியும் வைத்தார்கள். மிளகாய், பூண்டு, பட்டை எதுவும் அவர் தட்டுப் பக்கம் வரவில்லை. ஆனாலும் எரிச்சல் போகவில்லை. வெள்ளி, சனிக்கிழமைகளில் இன்னும் ஜாஸ்தியானது.

ஒரு சனிக்கிழமை ஆயம்மாள் பார்க்க வந்தாள். கமர் ஜஹான் மோரைக்கூட விழுங்க முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தார்.

"பாயம்மா, நீங்க அடுப்பாண்ட போயி எத்தினி நாளாவுது?"

"நோன்புக்கு முன்னாடி நிறுத்துனது."

"மசாலாவ வுட்டும் எரியுதுன்னா, மசாலா மேல இன்னா குத்தம்? நானும்தான் உங்ககூடவே புகையில நின்னேன், உங்களவிட ஜாஸ்தி காரம் துண்றவ. எனக்கு ஒண்ணும் ஆவலியே. எழுந்திருங்க, டாக்டராண்ட போலாம்."

அஷ்பாக் சரக்கு வாங்கச் சென்னைக்குப் போயிருந்தான். அவன் வரட்டும் என்று கமர் ஜஹான் சொல்லிப் பார்த்தார். ஆயம்மாள் கேட்கவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் அவரைப் பார்த்ததுமே, "இவ்ளோ நாள் கழிச்சா வர்றது?" என்று கோபித்தார். "மாத்திரைய எப்படி போடுறீங்க?"

சொன்னார். டீ, தொழுகை, படுக்கை எல்லாவற்றையும் சொன்னார்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "ஏம்மா, அந்த மாத்திரைய வெறும் வயித்துல, ஒரு பெரிய டம்ளர் தண்ணியோட போடணும். அப்புறம் அரை மணி நேரம் குனியக் கூடாது, படுக்கக் கூடாது. இல்லாட்டி உணவுக் குழாயப் புண்ணாக்கிடும். உங்க பையன்கிட்ட ஒண்ணுக்கு ரெண்டு தடவ சொன்னேனே? அப்புறம் அவரே வந்து அம்மாவுக்கு நெஞ்சு எரியுதுன்னாரு. உடனே மாத்திரைய நிறுத்திட்டு, உங்களக் கூட்டிக்கிட்டு வரச் சொன்னேன்."

"சமைக்கக் கூடாதுன்னு சொன்னீங்களாமே?"

"நானா? வெயிட்டு தூக்காதீங்க, ஈரத்தரையில பாத்து நடங்கன்னு சொன்னேன். சமையலப் பத்தி நான் ஏன் சொல்லப் போறேன்?"

 அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, எரிச்சலுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். குழாய் விட்டுப் பார்த்ததில் உணவுக் குழாயில் புண் இருப்பது தெரிந்தது. ஆறிய பிறகு எலும்புக்கு வருஷம் ஒரு ஊசி போட்டுக்கொள்ளலாம், அது வயிற்றைத் தொடாது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது ஆயம்மாள் அஷ்பாக்கைத் திட்டிக்கொண்டே வந்தாள். கமர் ஜஹான், "கம்முனு வா ஆயம்மா" என்று மட்டும் சொன்னார்.

அஷ்பாக் சென்னையிலிருந்து வந்த மறுநாள் அவரே அவனுடைய கடைக்குப் போனார். கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்தவன் எழுந்து நாற்காலி போட்டான்.

"டாக்டர் அன்னிக்கி இன்னாதான்டா சொன்னாரு? எனக்கு மறந்துபோச்சு. இன்னொரு தபா சொல்லு."

"அதான் சொன்னேனேம்மா. மசாலா ஆகாது, சமையல் வேலை கூடாதுன்னாரு."

"நான் அவரப் பாத்துட்டு வந்துட்டேன்."

அவன் முகம் வெளுத்தது. கடைப்பையனை டீ வாங்க அனுப்பினான். பிறகு மெதுவாக, "மொதல்ல நெஜமாவே மறந்துட்டேம்மா. கடையில வேலை இருந்துச்சு, அவசரத்துல சொல்லாம வுட்டுட்டேன். அப்புறம்... உனக்கு எரியுதுன்னதும், இதச் சொல்லியாவது அந்த வேலைய வுடுவியேன்னு... எலும்புக்கு வேணுமேன்னு மாத்திரைய மட்டும் நிறுத்தாம, பழைய சீட்டக் காட்டி வாங்கியாந்தேன். கொஞ்ச நாள்ல சரியாயிடும்னு நெனச்சேன். உனக்காகத்தாம்மா."

"எனக்காகவா?"

அவன் மேசைக் கண்ணாடியைத் துணியால் துடைத்தான்.

"உன் மாமனார் முன்னாடி நான் கரண்டியோட வர்றது உனக்குக் கேவலமா இருந்தா, என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன். இல்லாட்டி வுட்டே குடுத்திருப்பேன், பெத்த புள்ள கேட்டா. நெஞ்சப் புடிச்சிக்கினு நான் உன் முன்னாடி உக்காந்திருந்தேனேடா. பாத்துக்கினேதானே இருந்த? என் கைப்பக்குவம்தான் என்னக் கெடுத்துதுன்னு நானே நம்புற மாதிரி பண்ணிட்டியே. நான் சாமானையெல்லாம் ஏத்தி அனுப்புனப்பகூட உனக்கு வாய் வரலியே."

"அம்மா, மன்னிச்சிரும்மா."

"வூட்டுக்கு வந்து சப்ரின்கிட்ட நீயே சொல்லு. அது பாவம், எனக்கு மோரு கரைச்சுக் கரைச்சுக் குடுத்துக்கினு கெடக்குது."

அவன் சொன்னான். சப்ரினுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கு அவள் தன் புருஷனோடு பேசவே இல்லை. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமி, நானாச்சும் கூட வந்து கேட்டிருக்கணும்ங்க" என்று அழுதாள்.

புண் ஆற மாதங்கள் ஆயின. மெல்லத் தொண்டை திறந்தது. சாம்பார் இறங்கியது, பிறகு கொஞ்சம் ஊறுகாய். ஒருநாள் மாலை அசர் தொழுகை நேரத்தில் நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டுத் தரையிலேயே தொழுதார். எதுவும் மேலே ஏறவில்லை. ஆனாலும் எண்ணெயில் பொரித்ததைத் தின்றால் இப்போதும் சில நாள் எரிகிறது. முழுக்கச் சரியாகும் என்று டாக்டரும் சொல்லவில்லை.

பெருநாளன்று அஷ்பாக் புதுத் துணியோடு வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து மறுபடியும் மன்னிப்புக் கேட்டான். அவரும் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். ஆனால் அதற்குப் பிறகு டாக்டரிடம் போகும்போது அவனைக் கூப்பிடவில்லை. ஊசி போட்டுக்கொள்ளத் தனியாகவே போனார். காரில் கொண்டு விடுகிறேன் என்று அவன் வற்புறுத்தியபோது சம்மதித்தார். ஆஸ்பத்திரி வந்ததும், "நீ கடைக்குப் போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சங்கராபுரத்தில் பிறந்த பிள்ளைக்கு அகீகா விருந்து வைத்தபோது அவரைத் தேடி வந்தார்கள். வாடகைக்குத் தேக்சா எடுத்து, ஆயம்மாளும் அவள் தங்கச்சியும் தூக்கி இறக்க, கமர் ஜஹான் அடுப்புக்கு எட்ட நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"பையன மன்னிச்சிட்டீங்களா பாயம்மா?" என்று ஆயம்மாள் கேட்டாள்.

"பெத்துட்டேனே, மன்னிக்காம எங்க போறது" என்றார் கமர் ஜஹான். விறகைத் தள்ளிவிட்டார். "ஆனா அவன் ஒண்ணு சொன்னா, நெஜமான்னு இன்னொருத்தரக் கேக்கத் தோணுதுடி. அத இன்னா பண்றது?"

ஆயம்மாள் முறத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.