மகளுக்குக் கல்லூரி பார்க்கப் போய், பகலில் பார்த்த கொல்கத்தா

காலை ஒன்பது மணிக்கு விமானம் இறங்கியது. வெளியே வந்ததும் மகள் சுகன்யாவிடம், "இந்த ஊரு எனக்கு உள்ளங்கை மாதிரி கண்ணு. யாருகிட்டயும் வழி கேக்க வேண்டியதில்ல" என்றேன். பொய்யில்லை. நாமக்கல்லிலிருந்து ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர் லாரி ஓட்டிக்கொண்டு எத்தனையோ முறை இங்கே வந்தவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கிளீனராக ஏறி, டிரைவராகி, இன்று நாற்பது லாரிக்கு முதலாளி. எங்கள் பக்கம் என் பெயரைச் சொன்னால் டயர் கடைக்காரர் எழுந்து நிற்பார்.

ஆனால் டாக்சி கொஞ்ச தூரம் போனதுமே எனக்குத் திசை தெரியவில்லை. பகலில் இங்கே லாரியை ஊருக்குள் விடமாட்டார்கள். இருட்டிய பிறகு நுழைந்து, லோடு இறக்கி, விடிவதற்குள் ஆற்றுப் பாலம் தாண்டிவிட வேண்டும். நான் அறிந்த கொல்கத்தா முழுவதும் மஞ்சள் விளக்கும் மூடிய கடைகளும்தான். வெயிலில் அதற்கு இத்தனை நிறம் உண்டென்று தெரியாது. பச்சை ஜன்னல்கள், பாசி பிடித்த குளங்கள், மாடியில் காயும் சிவப்புக் கரைப் புடவைகள். தூங்குகிற ஆளையே பல வருடம் பார்த்துவிட்டு, இன்றுதான் கண் திறந்து பார்ப்பது போலிருந்தது.

பி.பி.ஏ. படிக்க சுகன்யாவுக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்திருந்தது. மறுநாளுக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் வந்தோம்.

முதலாவது, விமான நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி, நியூ டவுனில் இருக்கும் தனியார் பல்கலைக்கழகம். கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் ஒரு செயற்கை ஏரி. பேட்டரி வண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்டினார்கள். ஏரிக் கரையில் மேகம் வந்து குனிந்து நின்றது. புல்வெளியில் பிள்ளைகள் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி பதினொன்று. அந்த வயதில் அந்த நேரத்துக்கு நானும் மல்லாந்துதான் படுத்திருப்பேன், லாரிக்கு அடியில், முகத்தில் கிரீஸ் சொட்ட.

"இங்கயே சேந்துரு கண்ணு" என்றேன்.

"இன்னொன்னையும் பாத்துரலாமுங்ப்பா" என்றாள்.

இரண்டாவது கல்லூரி இருக்கும் பவானிபூருக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரமானது. அங்கே சங்கரன் வீட்டில் தங்கினோம். மதுரைக்காரர், துறைமுக அலுவலகத்தில் வேலை, லோடு விஷயமாகப் பழக்கம். "இந்தக் காலேஜ்ல மூணு ஷிஃப்ட்டுண்ணே. காலையில பொம்பளப் புள்ளைக, பகல்ல பசங்க, சாயங்காலம் வேலைக்குப் போறவங்க" என்றார்.

"காலேஜா, ஸ்பின்னிங் மில்லா?" என்று கேட்டேன். சங்கரன் சிரித்தார். சுகன்யா சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு மழை விட்டிருந்தது. கல்லூரி வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தோம். இரண்டு துணிக்கடைக்கு நடுவே அவ்வளவு ஒடுக்கமான வாசல். ஈரத் தெருவில் பெண்கள் பாதித் தூக்கத்தில் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சுகன்யாவைப் பார்த்து, "நோதுன்?" என்றாள். புதுசா என்று கேட்கிறாள். இவள் தயங்காமல் வங்காள மொழியில் பதில் சொல்ல, இருவரும் ஐந்து நிமிடம் பேசினார்கள். அவள் உள்ளே போனதும் கேட்டேன்.

"எப்பக் கத்துக்கிட்ட?"

"போன்லதான். ஒரு வருசமாச்சு."

எதிர் டீக்கடையில் உட்கார்ந்தோம். டீ பத்து ரூபாய். கட்டை விரல் உயரக் குவளை.

"பத்து மணிக்கு கிளாஸ் முடிஞ்சுருமுங்ப்பா. அப்புறம் படா பஜார்ல, நம்ம லோடு எறங்கற புக்கிங் ஆபீஸ்ல உக்காரறேன். பாதி லோடு இங்கதான் வருது. இந்த ஊரு பாஷை தெரிஞ்ச ஆளு நம்மகிட்ட ஒருத்தரும் இல்ல."

"அந்த மூட்டைக்கு நடுவுலயா? வேண்டாஞ் சாமி. நான் ஓடுன ஓட்டம் போதும். நீ அந்தப் புல்லுல உக்காந்து நிம்மதியாப் படி."

அவள் குவளையைக் கீழே வைத்தாள். "போதும்னு நீங்க சொல்லலாமுங்ப்பா. நாஞ் சொல்ல முடியுமா? நான் இன்னும் ஓடவே ஆரம்பிக்கலையே."

நாற்பது டிரைவர்களுக்குப் பதில் சொல்கிறவன் நான். இதற்கு எழுந்து போய் டீக்குக் காசு கொடுத்தேன். அவள் அந்த ஒடுக்கமான வாசலுக்குள் போய், சேர்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

விடுதி பார்த்து அவளைச் சேர்த்துவிட்டு, மூன்றாம் நாள் மதியம் தனியாக டாக்சியில் கிளம்பினேன். விமான நிலையத்துக்குப் போகும் வழியில்தான் நியூ டவுன். அந்தப் பல்கலைக்கழக வாசலில் டிரைவரை நிறுத்தச் சொன்னேன். யாரைப் பார்க்க வேண்டும் என்று காவலாளி இந்தியில் கேட்டார்.

"யாரையுமில்லை. மகளுக்குப் பார்த்த இடம். அவளுக்கு வேண்டாமாம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியென்றால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்" என்றார்.

எங்கள் ஊர்ப் பக்கமும் இப்படிக் கல்லூரிகள் உண்டு. விழாவுக்குக் கூப்பிட்டு, மேடையில் சால்வை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். புல்லில் உட்காரச் சொன்னதில்லை. ஏரிக்கரைப் புல்வெளிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி வைத்தேன். முதலில் உட்கார்ந்தேன், பிறகு, பக்கத்தில் படுத்திருந்த பையனைப் போலவே மல்லாந்தேன். புல் ஈரமாக இருந்தது. மேகம் ஒன்று ஏரியைக் கடந்து மெல்ல வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். மேகம் தலைக்கு மேல் வரட்டும் என்று இருந்துவிட்டேன்.