ஒன்பது மணி லாகின்

என் நாத்தனாருக்கு இனிக்க இனிக்கப் பேச வராது. எனக்கும் வராது. அதனால்தான் பதினான்கு வருடமாக ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டே ஒற்றுமையாக இருக்கிறோம். தன் கல்யாணப் பேச்சை எடுத்தவர்களை ஒரே வார்த்தையில் அனுப்பிவைத்தவள் அவள். ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் லாகின் பிரிவில் வேலை. நாலாயிரம் பேர் தினமும் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு நுழைகிற வாசலுக்கு அவள்தான் காவல். என் மாமனாரும் அதே கம்பெனிதான். முப்பத்தோரு வருட சர்வீஸ். கடைசிப் பத்து வருடம், திருட்டு வலைப்பக்கங்களில் மாட்டாமல் இருப்பது எப்படி என்று புது ஆட்களுக்கு வகுப்பெடுத்தார்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. முதலில் மூக்குக் கண்ணாடி வைத்த இடம், அப்புறம் தெரு, அப்புறம் நாங்கள். ஆபீஸ் மட்டும் போகவில்லை. எட்டரைக்குச் சட்டையைத் தேய்க்கச் சொல்வார். தடுத்தால் கதவை இடிப்பார். ஒரு நாள் பஸ் நிலையத்தில் செருப்பில்லாமல் நின்றவரைத் தேடிப் பிடித்து வந்தோம்.

அதற்குப் பிறகுதான் நாத்தனார் அந்தக் காரியத்தைச் செய்தாள். லாகின் சாஃப்ட்வேரில் அவரவர் தேவைக்கு எழுதிச் சேர்க்கிற சின்ன புரோகிராம் உண்டாம். எக்ஸ்டென்ஷன் என்கிறார்கள்.

"ரெடிமேட் சட்டையில நமக்கு வேணும்னு ஒரு பாக்கெட் தச்சுக்கிற மாதிரி, அண்ணி. வேணும்னா ஆன், வேணாம்னா ஆஃப்" என்றாள்.

அவள் தைத்த பாக்கெட் அவள் அப்பாவுக்கு. அவருடைய பழைய பெயரும் பாஸ்வேர்டும் வந்தால் துரத்தாமல், ஒன்றுமே இல்லாத ஒரு பக்கத்துக்கு அனுப்பும். அதில் 'வருகை பதிவானது' என்று ஒரே வரி. யாரிடமும் அவள் அனுமதி கேட்கவில்லை.

அவருக்கு அது போதும். ஒன்பது மணிக்கு வீட்டு லேப்டாப்பில் லாகின் செய்வார், படிப்பார், தலையாட்டுவார். பிறகு சாப்பிடுவார், தூங்குவார். இரண்டு வருடம் எங்கள் வீடு அந்த ஒரு வரியில் ஓடியது.

போன மாதம் கம்பெனியில் தணிக்கை. அனுமதி இல்லாத எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் ஆஃப் செய்யச் சொல்லிப் பட்டியலை அவள் கையிலேயே கொடுத்தார்கள். மேலாளரிடம் போய் உண்மையைச் சொன்னாள்.

"உங்கப்பாகிட்ட நானும் பாடம் கேட்டவன்மா. இதைக் கேட்டா அவரே என்ன சொல்வார்?"

"ஆஃப் பண்ணுன்னுதான் சொல்வார்."

வேலை போகாமல் இருந்ததே பெரிது. அவள் கையாலேயே அணைத்துவிட்டு வந்தாள்.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து வீட்டு லேப்டாப்பில் அதே மாதிரி ஒரு பக்கம் செய்தாள். அதே நிறம், அதே எழுத்து, அதே வரி. முகவரியில் மட்டும் ஒரு எழுத்து கூடுதல். நிஜ முகவரி கம்பெனியுடையது, அதை எடுக்க முடியாது.

"வித்தியாசம் தெரியுதா, அண்ணி?"

"எனக்கு உன் மூஞ்சிக்கும் உங்கண்ணன் மூஞ்சிக்குமே வித்தியாசம் தெரியாது. போதும், விடு."

திங்கட்கிழமை ஒன்பது மணி. மாமனார் பெயரை அடித்தார். பாஸ்வேர்டுக்கு வந்ததும் கை நின்றது. விரலைத் திரையின் உச்சிக்குக் கொண்டுபோய் முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"இது நம்ம கம்பெனி இல்ல."

"நம்மளுதுதான் சார்" என்றாள் நாத்தனார். அப்பா என்று கூப்பிட்டால் யாரோ கேலி செய்கிறார்கள் என்று அவருக்குக் கோபம் வரும்.

"ஒரு எழுத்து கூட இருக்கு. போலி. இதுல பாஸ்வேர்டு போடக் கூடாதுன்னு எத்தனை கிளாஸ்ல கத்தியிருக்கேன்!"

பெற்ற மகளின் முகம் தெரியாத மனுஷனுக்கு அந்த ஒரு எழுத்து தெரிந்துவிட்டது. நிஜப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி அடம் பிடித்தார். வேறு வழியில்லாமல் திறந்தாள். பெயர், பாஸ்வேர்டு, எண்டர். 'இப்படி ஒரு பயனர் இல்லை' என்று வந்தது.

இரண்டு தடவை படித்தார்.

"என்னை எடுத்துட்டாங்களா? நான் என்னம்மா தப்பு பண்ணேன்? ஒரு நாள் லேட்டா வந்ததில்லையே."

நாத்தனார் அந்தப் பக்கத்தை மூடினாள். பிறகு அவரே தேறி, அவள் பக்கம் சாய்ந்தார்.

"நீங்க ஆபீஸ்லேருந்துதானே வர்றீங்க? அங்க லாகின் பிரிவுல என் மக இருக்கா. கெட்டிக்காரி. அப்பா வெளியில நிக்கிறார்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஆன் பண்ணிடுவா."

"சொல்றேன் சார்."

மறுநாளும் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன். ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தவர் லேப்டாப்பைத் தொடவில்லை.

"சொன்னீங்களா?"

"அவங்க இன்னிக்கு லீவு சார்" என்றாள்.

"லீவா? அவ லீவே போட மாட்டாளே." அவர் முகம் வாடிவிட்டது. "உடம்பு சரியில்லையா? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா அவளுக்கு?"