டைல்ஸ்காரி பிளந்த சக்கரம்

நீவெஸைப் பற்றி முதலில் இளக்காரமாகப் பேசியவன் நான்தான். அதனால் அவள் கதையை நானே சொல்வதுதான் நியாயம்.

இத்தாலியில், மொதெனா நகரத்தின் பழைய சந்தைக் கூரைக்குக் கீழே எனக்கு முட்டையும் கோழியும் விற்கிற கடை. எதிரே எர்மெஸின் சீஸ் கடை. பார்மிஜானோ என்கிற கெட்டிச் சீஸ் நாற்பது கிலோ முழு வட்டாக வரும், அதை நாங்கள் சக்கரம் என்போம். எர்மெஸ் சனிக்கிழமைகளில் சின்னச் சுத்தியலால் அதைச் சுற்றித் தட்டி, உள்ளே பழுது இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, கூட்டத்தின் நடுவே பிளப்பார். அறுக்கக் கூடாது. குட்டைக் கத்திகளைச் செருகித் திருகி, தானாக விரியவிட வேண்டும். சொந்தமாகச் சக்கரம் பிளக்காத கடையை இங்கே யாரும் சீஸ் கடை என்று மதிப்பதில்லை.

செப்டம்பரில் எர்மெஸுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மகன் லாரி ஓட்டுகிறவன். மருமகள் நீவெஸ் கடைக்கு வந்தாள். அதற்குமுன் பதினோரு வருடம் சஸ்ஸுவோலோவில் டைல்ஸ் ஆலையில் வேலை பார்த்தவள். சூளையிலிருந்து வரும் டைல்ஸை விரல் கணுவால் தட்டி, கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடித்துக் கழித்துத் தள்ளுவாள். நான் அவளுக்கு டைல்ஸ்காரி என்று பெயர் வைத்தேன், ஒரே வாரத்தில் சந்தை முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. மூன்று மாதமாக, வெளியே பிளந்து பொட்டலம் கட்டி வந்த துண்டுகளையே விற்றாள். வாடிக்கைக்காரர்கள் வேறு கடை பார்க்கத் தொடங்கினார்கள்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னால ஒரு சக்கரத்தை அவ பிளக்கணும். இல்லேன்னா கடைய லோரிஸுக்குக் குடுத்துடறேன்" என்றார் எர்மெஸ். சக்கரங்களைக் கொண்டுவந்து போடுகிற மொத்த வியாபாரி லோரிஸ் அந்தக் கடைமேல் கண் வைத்துப் பல வருடம் ஆகிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை லோரிஸே சக்கரத்தைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தான். எர்மெஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பண்டிகைச் சூப்புக்கு என்னிடம் சேவல் வாங்க நின்றவர்கள்கூட வரிசையை விட்டு அங்கே போய்விட்டார்கள். எரிச்சலோடு நானும் போனேன்.

நீவெஸ் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அதைக் கீழே வைத்தாள். விரல் கணுவால் தட்ட ஆரம்பித்தாள்.

"அது கதவில்லம்மா, உள்ளேருந்து யாரும் தொறக்க மாட்டாங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. ஓரிடத்தில் கை நின்றது. மறுபடியும் தட்டினாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அங்கே ஒரு வட்டம் போட்டாள்.

"இங்க நாலு விரக்கடை உள்ள பொந்து இருக்கு. நல்ல சரக்குன்னு சொல்லி இத விக்க மாட்டேன்."

லோரிஸுக்கு முகம் சிவந்துவிட்டது. முப்பது வருடமாகச் சக்கரம் தட்டுகிறவன் நான், நேற்றும் தட்டிப் பார்த்துத்தான் ஏற்றினேன் என்று குதித்தான். எர்மெஸ் இடது கையில் சுத்தியலை வாங்கி, காதைச் சாய்த்துத் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். அவருக்கும் எதுவும் தெரியவில்லை. பொந்து இல்லையென்றால் கடையும் போகும், இந்தச் சந்தையில் அவள் இனித் தலைகாட்டவும் முடியாது.

"விட்டுடும்மா" என்றார் எர்மெஸ், மெதுவாக.

"இல்ல மாமா. இதையே பிளக்கறேன். அந்த வட்டத்து வழியாவே."

கொக்கிக் கத்தியால் தோலைச் சுற்றிக் கோடு கீறினாள். ஐந்து குட்டைக் கத்திகளை அந்தக் கோட்டில் செருகினாள். திருகினாள். அசையவில்லை. உடம்பின் பாரம் முழுவதையும் முழங்கையில் இறக்கி மறுபடி திருகினாள். உள்ளே ஏதோ நெரிகிற சத்தம். சக்கரம் மெல்ல வாய் பிளந்து, இரண்டு சம பாதிகளாகச் சாய்ந்தது.

வட்டத்துக்கு நேரே, நாலு விரற்கடை உள்ளே, பொந்து இருந்தது. முட்டை விற்கிறவன் சொல்கிறேன், சின்ன முட்டை ஒன்று அச்சாக உட்காரும்.

மீன் கடைக்காரர்கள் தராசுத் தட்டுகளைத் தட்டினார்கள். சந்தையே கூச்சல் போட்டது. அதில் அதிகம் கத்தியவன் நான்தான், சொல்ல வெட்கமில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

முதல் சில்லு பிளந்தவருக்கு என்பது எங்கள் வழக்கம். எர்மெஸ் இடது கையால் பொந்தில்லாத பக்கத்தில் ஒரு சில்லைப் பெயர்த்து அவளிடம் நீட்டினார். லோரிஸ் குனிந்து, அப்படியானால் கடை விஷயம் என்ன என்று அவர் காதில் கேட்டான்.

"என்னை ஏன் கேக்கற? கடைக்காரி அங்க நிக்கறா" என்றார் அவர், எல்லோருக்கும் கேட்கும்படி.

நீவெஸ் வாயிலிருந்ததை மென்று முடிக்கும்வரை லோரிஸைக் காக்கவைத்தாள்.

"திங்கக்கிழம ரெண்டு சக்கரம் கொண்டாங்க. தட்டிப் பாத்துட்டுத்தான் எடுப்பேன்."