தில்லும் மூன்றாம் பிரஸ்ஸும்

“திங்கட்கிழமை, இரண்டாம் ஷிப்ட். மூன்றாம் பிரஸ் தானாக இறங்கியது.” என் பழைய குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. எதை எழுதினாலும் முதலில் தேதி போடுகிறவன் நான். அன்று போடவில்லை. எழுத்துகளும் கோட்டை விட்டுச் சரிந்திருக்கின்றன.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு அடிக்கும் சிறிய பட்டறை அது. பவர் பிரஸ்ஸில் இரண்டு பச்சைப் பொத்தான்கள் உண்டு. இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலே இருக்கும் இரும்பு இறங்கும். கை அடியில் மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. நாங்கள் இடது பொத்தானில் ஒரு மரக்குச்சியைச் செருகி, அமுக்கியபடியே வைத்துவிடுவோம். வலது கை பொத்தானில் இருக்க, இடது கை அச்சுக்குள் போய்த் தகட்டை எடுக்கும். வேலை வேகமாக நடக்கும். குச்சி வைத்து ஓட்டுகிறவனுக்குத் ‘தில்லு’ இருக்கிறது என்பார்கள்.

அந்தச் சொல்லைப் பிறகு அகராதிகளில் தேடியிருக்கிறேன். பாரசீகத்தில் நெஞ்சைக் குறித்தது, உருது வழியாகச் சென்னைக்கு வந்து துணிச்சலாகியிருக்கிறது. எங்கள் பட்டறையில் அது நெஞ்சில் இல்லை, இடது கையில் இருந்தது. எங்களில் அது அதிகம் உள்ளவர் என்று பெயரெடுத்தவர் திருமுல்லைவாயிலிலிருந்து ரயிலில் வருவார். எல்லோருக்கும் அவர் அண்ணாத்தே. முகத்தைத் திருப்பிக் கதை பேசிக்கொண்டே பிரஸ்ஸை ஓட்டுவார்.

மூன்றாம் பிரஸ்காரர் வராததால் அன்று என்னை அங்கே நிறுத்தினார்கள். கண்ணில் வழிந்த வியர்வையைத் துடைக்க இடது கையை வெளியே எடுத்தேன். வலது கை பொத்தான் மேல் இல்லை. இரும்பு இறங்கியது. ஒரு கணம் முன்பு என் விரல்கள் இருந்த இடத்தில் தகடு நசுங்கிக் கிடந்தது. “தானா எறங்குது சார்!” என்று கத்தினேன்.

“நீதான் தெரியாம அமுக்கியிருப்ப. ஓட்டு,” என்றார் சூப்பர்வைசர்.

“இன்னா மச்சான், வெரல இவ்ளோ பத்திரமா பாத்துக்கிற, மோதிரம் ஆர்டர் குட்துகீறியா?” என்றது பக்கத்துப் பிரஸ். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கும் பயந்தேன். கையை மறுபடி உள்ளே நீட்டினேன். என் கை எனக்கே வேறு யாருடையதோ போலத் தெரிந்தது.

அப்போது அண்ணாத்தே வந்து மெயினை அணைத்தார். குச்சியைப் பிடுங்கினார்.

“மிஷின் சரியில்ல சார். ரிப்பேர் பண்ணாம இவன் கை வெக்க மாட்டான். நானும் வெக்க மாட்டேன். பயமா கீது.”

“அண்ணாத்தே, தில்லு அவ்ளோதானா? புஸ்ஸுனு போச்சே!” என்றது அதே பக்கத்துப் பிரஸ்.

“ஆமா நைனா, போச்சு. வெரல் கீதுல்ல?”

சொல்லும்போது அவர் உதடு வெளுத்திருந்தது. பயமாக இருக்கிறது என்று அந்தப் பட்டறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அன்று மூன்றாம் பிரஸ் ஓடவில்லை. அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பயம் எதற்கென்று அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. இரும்புக்கு மட்டுமல்ல, வேலை போவதற்கும் அவர் பயந்திருக்கிறார்.

நானும் சீக்கிரமே விலகினேன். இப்போது குடியிருக்கும் அடுக்ககத்தில் லிஃப்ட் கதவு சாத்தும்போதெல்லாம் இடது கையை இழுத்துக்கொள்கிறேன். யாராவது ‘தில்லு’ என்றால் எனக்கு அந்த வெளுத்த உதடுதான் நினைவுக்கு வருகிறது.

அந்த மூன்றாம் பிரஸ்ஸை நெமிலிச்சேரிப் பக்கம் ஒரு பட்டறைக்கு விற்றுவிட்டதாகக் கேள்வி. பழுது பார்த்துத்தான் விற்றார்களா என்று பழைய ஆட்கள் இருவரிடம் விசாரித்தேன். ஒருவர் ஆம் என்றார், மற்றவர் இல்லை என்றார். இதை எழுதும்வரை உறுதிசெய்ய முடியவில்லை.