பிரதம அதிதி அழுத்திய பொத்தான்

எங்கள் சங்கத்தில் யாரும் வாய் திறந்து சொல்லாத பழமொழி ஒன்று உண்டு: செவிடன் காதில் ஊதிய சங்கு. காது கேளாத பிள்ளைகளின் பெற்றோர் நடத்தும் சங்கம் என்பதால் அந்த மரியாதை. ஆனால் கண்டிக் கிளையின் நிருவாகக் குழுவோடு குப்பை கொட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பழமொழியைச் செய்தவன் நன்றாகக் காது கேட்கும் ஆட்களைப் பார்த்துத்தான் செய்திருப்பான்.

சங்கத்தின் இணையத்தளத்தில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பக்கம் இருந்தது. இனி அதைக் கிளைகளே பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு தொண்டரைத் தாருங்கள், பழக்கிவிடுகிறோம் என்று கொழும்புத் தலைமையகம் கேட்டது. கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பார்மசியில் கணினியில் பில் போடுகிறவள். அவர்களுக்கு அந்தப் படிப்பு போதும். என் மகன் காதுக்கருவியோடு வளர்ந்து இப்போது வேலைக்குப் போகிறான். அவன் சின்னவனாக இருந்தபோது எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நான் அலைந்த அலைச்சல் எனக்கு மறக்கவில்லை. அதனால் சரி என்றேன்.

பயிற்சி சூம் வழியாக நடந்தது. கொழும்பிலிருந்து ஒரு இளம் பெண் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். எழுதியதைச் சேமித்தால் அது வரைவு. நமக்கு மட்டும் தெரியும். 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தினால்தான் ஊருக்குத் தெரியும். என்னைப் போன்றவர்கள் எழுதலாம், கிளைத் தலைவர் அனுமதித்தால் மட்டுமே அது வெளியே போகும். பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது. பழைய அறிவித்தலை உடனே திருத்த வேண்டும்.

"படத்துக்குக் கீழ என்ன நடந்திச்சின்னு உள்ளபடி எழுதுங்க. அழகா எழுதத் தேவையில்ல" என்றாள்.

தலைவரும் அந்த வகுப்பில் இருந்தார், அதாவது அவருடைய மின்விசிறி இருந்தது. போனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டு அவர் கடையில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் வேரூன்றிய மனிதர். கடைசிவரை "ஓம், ஓம்" என்றவர், கேள்வி உண்டா என்றதும் கேட்டார்: "எங்கட படங்கள் எந்த இடத்தில வரும்?"

அடுத்த கூட்டம் முழுக்க அதே பேச்சுத்தான். யார் படம் மேலே, யார் படம் பக்கத்தில், தலைவரின் வாழ்த்துச் செய்திக்குப் பின்னணி என்ன நிறம். எங்கள் தலைவருக்குக் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் இழவு வீட்டில் பிணமாகவும் இருந்தாக வேண்டும். புதுப்பக்கத்தைக் குத்துவிளக்கேற்றி, பிரதம அதிதி ஒருவரைக் கொண்டு பொத்தானை அழுத்தித் திறப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. பிரதம அதிதியாகக் கேட்டிருந்த அரச அதிகாரிக்கு அடுத்த மாதம்தான் நேரம் இருந்தது.

எனக்கு இருந்த ஒரே அவசரம் வேறு. மாதக் கடைசிச் சனிக்கிழமையில் பிள்ளைகளின் காதைப் பரிசோதிக்கக் கொழும்பிலிருந்து ஒருவர் கருவியோடு வருவார். வழக்கமாக அது நடக்கும் கண்டி மண்டபத்தின் கூரை வேலை தொடங்கியதால் ஊருக்கு வெளியே பிலிமத்தலாவைக்கு மாற்றியிருந்தார்கள். நேரமும் குறைந்து, பகல் பன்னிரண்டோடு முடியும் என்றாகிவிட்டது. எங்கள் பக்கமோ இன்னும் கண்டி மண்டபம், பகல் இரண்டு மணி வரை என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் திருத்தி எழுதி அனுமதிக்கு அனுப்பினேன்.

"பிரதம அதிதி திறக்கிறதுக்கு முந்தி ஒரு எழுத்தும் மாறக் கூடாது தங்கச்சி" என்றார் தலைவர். "நம்ம ஆளுகளுக்கெல்லாம் போன்ல சொல்லியாச்சுதானே."

"நம்ம ஆளுகளுக்கு எதுக்குங்க ஐயா வெப்சைட்டு? நம்மளத் தெரியாதவங்கதான் அதப் பாத்துட்டு வருவாங்க."

"தங்கச்சி வகுப்புக்குப் போய் நல்லாத்தான் கதைக்கப் பழகியிருக்கிறா" என்றார் செயலாளர். எல்லோரும் சிரித்தார்கள். வடையும் வந்தது.

அந்தச் சனிக்கிழமை பார்மசியில் லீவு போட்டுவிட்டுக் கண்டி மண்டபத்து வாசலில் போய் நின்றேன். பக்கத்தை மாற்ற விடாவிட்டால் நானே அறிவித்தலாக நிற்கலாம் என்ற வீம்பு. மேலே கூரைக்காரர்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வெகு நேரம் யாரும் வரவில்லை. புறப்படலாம் என்று நினைத்தபோது த்ரீவீலிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். ஒரு கையில் நாலு வயது மதிக்கத்தக்க பெண் பிள்ளை, மறு கையில் போன். போனில் எங்கள் பக்கம் திறந்திருந்தது.

"அக்கா, காது பாக்குறது இங்கதானுங்களா? ரெண்டு மணி வரைக்கும்னு போட்டிருக்கு."

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்தாள். காலையில் கொழுந்தெடுக்கப் போய்விட்டு, இரண்டு மணி வரை நேரம் இருக்கிறது என்று நம்பி இறங்கி வந்தவள். பிள்ளைக்கு இன்னும் பேச்சு வரவில்லை. லயத்து வீடுகளில் ஒருத்தி சாமிக்கு நேர்ந்துகொள் என்கிறாள், ஒருத்தி மூளைக் கோளாறு என்கிறாள்.

"கேக்குதா கேக்கலயானு ஒருத்தராவது சொன்னாப் போதும் அக்கா. நானா எதையெதையோ நெனச்சு நெனச்சு ராவுல தூக்கமில்ல."

குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு ஓடினோம். பஸ் கிடைத்தது; பேராதனை வரை ஊர்ந்தது. வழியெல்லாம் தலைவருக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. நாங்கள் பிலிமத்தலாவை மண்டபத்துக்குள் ஓடியபோது ஏன் எடுக்கவில்லை என்று தெரிந்தது. பரிசோதகருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார், புதுப்பக்கத்துக்குப் படம் பிடிக்க. கருவி பெட்டிக்குள் போய்விட்டது. பரிசோதகரின் வண்டி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது.

"நேரம் போயிட்டு அம்மா, அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க" என்றார் பரிசோதகர்.

தலைவர் பிள்ளையைக் கண்டார். கன்னத்தைக் கிள்ளினார், தூக்கி இடுப்பில் வைத்தார், தோளில் கை போடும்படி சைகை செய்தார். செயலாளர் படம் எடுத்தார். பிறகு பிள்ளையை இறக்கிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அவ்வளவு கோபம்.

திறப்பு விழா நெருங்கியது. ஒவ்வொரு படத்துக்கும் அனுமதி கொடுக்கத் தலைவருக்குப் பொறுமை இல்லை. தன் பாஸ்வேர்டையே எனக்கு அனுப்பிவிட்டார். "நீயே எல்லாத்தையும் போட்டிரு தங்கச்சி. அந்தப் புள்ளயத் தூக்கி வச்சிருக்கிற படம் மேல வரட்டும். கீழ, நம்ம சேவையால பயனடைஞ்ச சிறுமின்னு எழுது."

நான் ஹந்தானைப் பெண்ணுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். விருப்பமில்லை என்றால் படத்தைப் போட மாட்டேன் என்றேன்.

"போடுங்க அக்கா" என்றாள். "ஆனா நடந்தத எழுதுங்க."

நடந்ததை எழுதினேன். அழகாக எழுதவில்லை. அதற்கு மேலே அடுத்த பரிசோதனையின் இடத்தையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் போட்டேன்.

விழாவில் குத்துவிளக்கு எரிந்தது, சுவரில் வெண்திரை தொங்கியது, பிரதம அதிதி லெப்டொப்பில் 'வெளியிடு' பொத்தானை அழுத்தினார். திரையில் சுவரளவுக்குத் தலைவர் சிரித்தார், இடுப்பில் பிள்ளையோடு. கைதட்டல் தொடங்கியது, பிறகு வாசிக்கத் தெரிந்தவர்களின் கைகள் ஒவ்வொன்றாக நின்றன. பிரதம அதிதிக்குத் தமிழ் வாசிக்க வராது. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். வாழ்த்துச் செய்தி என்றார் தலைவர். அவருடைய கண் இன்னும் தன் படத்தில்தான் இருந்தது.

பயனடைந்தவர்களுக்கென்று போட்டிருந்த முன்வரிசைக் கதிரையிலிருந்து ஹந்தானைப் பெண் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தோட்டத்துச் சிங்களத்தில், சத்தம் போடாமல் மொழிபெயர்த்தாள்: "இந்தப் பிள்ளைக்கு அன்று பரிசோதனை நடக்கவில்லை. இடம் மாறியதை நாங்கள் இந்தப் பக்கத்தில் அறிவிக்கவில்லை. அப்படித்தான் எழுதியிருக்கிறது சேர். உண்மைதான். இவள்தான் அந்தப் பிள்ளை."

மறுநாளே பாஸ்வேர்டை மாற்றினார்கள். என்னைக் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள், காரணம் ஒழுக்கமின்மை. இரண்டு நாள் கழித்துச் செயலாளர் போன் எடுத்தார்.

"தங்கச்சி, பக்கத்தில நீர் எழுதின உந்த வரியை எப்பிடி அழிக்கிறது?"

"வகுப்புல சொன்னாங்கதானே அண்ணே."

தலைமையகத்திடம் கேட்டால் ஏன் அழிக்க வேண்டும் என்று கேட்பார்கள். அதனால் அவர்கள் அங்கே கேட்கவே இல்லை. அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை பிலிமத்தலாவையில் ஹந்தானைப் பிள்ளைதான் வரிசையில் முதல் ஆள். ஒரு காதில் கொஞ்சம் கேட்கிறது என்றார்கள், கருவிக்கு எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்த முன்பின் தெரியாத குடும்பங்களும் அன்று வரிசையில் நின்றன.

நான் எழுதிய வரி இன்னும் அங்கேயே இருக்கிறது. அதற்கு மேலே தலைவர் சிரித்துக்கொண்டே நிற்கிறார்.