உள்ளே மடித்த நாலு அங்குலம்

வாயில் ஏழு குண்டூசியை வைத்துக்கொண்டுதான் வெர்னெல் பேசுவாள். எட்டாவது கையில் இருக்கும். எதிரே ஸ்டூலில் நிற்பவர் போதகரே ஆனாலும் அவளுக்கு ஒன்றுதான். "ம்" என்றால் திரும்பு. "ம்ம்" என்றால் மூச்சை இழுத்துப் பிடிக்காதே, தொப்பை இருப்பது எனக்குத் தெரியும் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஊசியையும் விழுங்கியதில்லை. விழுங்கியிருந்தாலும் வெளியே சொல்கிற ஆள் இல்லை.

எங்கள் ஊர் சலவைக்கடையில், துணிக்கு ஆவி பிடிக்கும் மெஷினுக்கும் சோடா மெஷினுக்கும் நடுவில் அவளுக்கு ஒரு தையல் மேஜை போட இடம் கொடுத்திருக்கிறார்கள். நான் தினமும் அங்கே போய் உட்காருவேன். என் வீட்டில் பேச ஆள் இல்லை. இருந்த ஒருவரையும் புதைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. புதைக்கும்போது அவருக்குப் போட்ட கோட்டு இவள் பிடித்துத் தைத்துக் கொடுத்ததுதான். நோயில் மனுஷர் பாதியாகப் போயிருந்தார். "முதுகுப் பக்கம் வெட்டி விட்டுடும்மா, யாரு பார்க்கப் போறா" என்றான் அடக்கம் செய்கிறவன். இவள் வெட்டவில்லை. மிச்சத் துணியை உள்ளே மடித்து ஒழுங்காகத் தைத்தாள்.

"எதுக்குடி? இனிமே சதை போடப் போறாரா?" என்று கேட்டேன்.

"வெட்டுனா வெட்டுனதுதான் அத்தை. உள்ள இருந்துட்டுப் போகட்டும்."

அதுதான் வெர்னெல். துணியை வெட்ட மாட்டாள். பேண்டுக்கு ஓரம் அடிக்கச் சொன்னால் மூன்று அங்குலம், நாலு அங்குலம் உள்ளே மடித்துத்தான் அடிப்பாள். பாடகர் குழுப் பெண்கள் ஒரே அங்கியை ஒன்பதாம் வகுப்பிலிருந்து கல்யாணம் வரை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவளுடைய பெரிய கத்தரிக்கோல் சுவரில் ஆணியில் தொங்கும். கடைக்கு வரும் பார்சலைப் பிரிக்க மட்டும் கீழே இறங்கும்.

ஆளைப் பார்த்தால் முதலில் அவளுக்குத் தெரிவது அளவு, பெயர் பிறகுதான். "நாப்பத்திரண்டு இடுப்பு, இருபத்தொன்பது நீளம் வருது பாருங்க" என்பாள். திரும்பிப் பார்த்தால் எங்கள் சபை டீக்கன் பார்ஃபீல்ட் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார்.

அவளுக்கு ஒரே பையன், டெம்ரிக். இருபது வயது. தகப்பன் வர்ஜீனியா பக்கம் வேறொருத்தியோடு இருக்கிறான். பையன் டிவியில் வந்த பிறகுதான் அந்தத் தகப்பனுக்கு நம் ஊர் போன் நம்பர் ஞாபகம் வந்தது. காலேஜில் இரண்டு வருஷம் முடிப்பதற்குள் டெம்ரிக் கூடைப்பந்தில் இந்த வட கரோலினா முழுக்கப் பெயர் வாங்கிவிட்டான். ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் அவன் பெயரை எழுதலாமா என்று சபையில் பேச்சு நடந்தது. எந்த வாசலிலும் தலையைக் குனிந்துதான் நுழைவான். சலவைக்கடை வாசலில் குனியத் தேவையே இல்லை. ஆனாலும் குனிவான்.

ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிஷத்தை வெர்னெல் பார்த்ததே கிடையாது. எழுந்து வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்துகொள்வாள். மடியில் பொத்தான் டப்பா. வெள்ளை தனி, தந்த நிறம் தனி என்று பிரித்துக்கொண்டிருப்பாள். ஜனங்கள் கார்க் கதவைச் சாத்துகிற சத்தத்தை வைத்தே ஜெயித்தோமா தோற்றோமா என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

இந்த வசந்தத்தில் ஊரெல்லாம் ஒரே கேள்வி. பையன் பெரிய லீக்குக்கு இப்போதே போகலாமா, இல்லை காலேஜிலேயே இன்னும் இரண்டு வருஷம் ஆடலாமா? ஜூன் மாதம் லீக்கில் ஆள் எடுப்பார்கள். படிப்பு முடியாத பையனும் பெயர் கொடுக்கலாம். கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ள மே கடைசியில் ஒரு கெடு உண்டு. கெடு தாண்டிய பிறகு எந்த அணியும் எடுக்கவில்லை என்றால் காலேஜ் ஆட்டமும் போச்சு, லீக்கும் போச்சு. எங்கள் ஊர் மார்லன் அப்படித்தான் போனான். இப்போது நெடுஞ்சாலை ஓரத்து டயர் கடையில் நிற்கிறான். நல்ல பையன். அவன் டயர் மாட்டும்போது யாரும் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை, நான் உட்பட.

டெம்ரிக் பெயர் கொடுத்துவிட்டான். "போடா கண்ணு, போ" என்று நாங்கள் எல்லோருமே சொன்னோம். நானும் சொன்னேன். சொல்வதில் எங்களுக்கு என்ன நஷ்டம்?

சபையின் ஆண்கள் சங்கம் அவனுக்குக் கருநீல சூட்டு ஒன்று வாங்கித் தந்தது, ஆள் எடுக்கும் நாளில் போட்டுக்கொள்ள. நெட்டை ஆட்களுக்கென்றே இருக்கிற கடையில் எடுத்தது. பேண்டின் கீழ்ப்பக்கம் ஓரம் அடிக்காமல் வந்தது. வெர்னெல் அதை மேஜைக்குப் பின்னால் மாட்டி வைத்தாள். ஏப்ரல் போயிற்று. மே வந்தது. ஓரம் அடிக்கவில்லை.

டீக்கன் ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டு கேட்டார். "என்னம்மா, சூட்டு அப்படியே தொங்குது? பையன் வந்து நின்னா அஞ்சு நிமிஷ வேலை."

"ம்."

"ஒருவேளை கொஞ்சம் காத்திருக்கறதும் நல்லதுதான். இன்னும் வளருவான்! இருபத்திரண்டு வரைக்கும் எலும்பு நீளும். இப்பவே ஆறடி ஏழு அங்குலம். ஆறடி ஒம்பதாவது ஆயிடுவான் பாரு... ஆ! குத்திட்டியேம்மா!"

"பட்டுடுச்சு."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் யாரையும் குத்தி நான் பார்த்ததில்லை. டீக்கன் கணுக்காலைத் தடவிக்கொண்டே போனார். வெர்னெல் ஏழு ஊசியையும் உள்ளங்கையில் துப்பினாள்.

"அத்தை, அந்த ஆறு ஏழு நான் எழுதினது."

"எந்த ஆறு ஏழு?"

"அவனுக்குப் பதினாறு வயசு. கோச் ஒரு ஃபாரம் குடுத்து விட்டாரு, ஒசரம் எழுதச் சொல்லி. கதவு நிலையில நிக்க வெச்சு அளந்தேன். ஷூவோட. ஆறு ஆறு வந்துச்சு. வளர்ற பையன்தானே, ரெண்டு மாசத்துல சரியாப் போயிடும்னு ஒண்ணு சேர்த்துப் போட்டுட்டேன்."

"அதுலயும் உள்ள விட்டு மடிச்சிட்டியா?"

"அப்புறம் அவன் வளரவே இல்ல. நாலு வருஷமா அவன் பேண்டுல ஒரு நூல் நான் பிரிச்சதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஃபாரத்திலிருந்து அந்த எண் பள்ளிப் புத்தகத்துக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து காலேஜுக்கு, காலேஜிலிருந்து டிவிக்கு. காலேஜில் அளக்கவில்லையா என்றால், அளந்தார்கள். அதுவும் ஷூவோடு. குறைந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டார்கள். தங்கள் பையன் நெட்டையாக இருக்கட்டும் என்று யாருக்குத்தான் ஆசை இல்லை?

"லீக்குல எப்படி அளப்பாங்க?" என்று கேட்டேன்.

"சிகாகோவுல முகாம் வெச்சு அளப்பாங்களாம். வெறுங்கால்ல. எல்லா அணிக்காரனும் சுத்தி நின்னு பார்ப்பானாம்." ஊசிகளை ஒவ்வொன்றாகப் பஞ்சு மெத்தையில் குத்தினாள். "நான் போட்ட பொய்யில என் புள்ளை போய் நிக்கப் போறான் அத்தை. குறைஞ்சா எடுக்க மாட்டாங்க. எடுக்கலைன்னா காலேஜும் இல்ல. அவன் கெடுவுக்குள்ள திரும்பி வந்துடணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"இதை அவன்கிட்டயே சொல்லேன்."

"எப்படிச் சொல்லுவேன்? உன் ஆத்தா ஷூவையும் சேர்த்து உன்னை ரெண்டு அங்குலம் கூட்டி வித்துட்டான்னா?"

முகாம் நடந்த நாளில் பாடகர் குழு அங்கி ஒன்றின் கையை இரண்டு முனையிலும் வாய் மூடித் தைத்துவிட்டாள். நான்தான் பார்த்துச் சொன்னேன். பிரித்து, மறுபடியும் அதையே செய்தாள்.

மறுநாள் எண் வந்தது. வெறுங்காலோடு ஆறடி நாலே முக்கால். டிவியில் டை கட்டிய ஒருவன், "கை நீளம் அபாரம், ஆனால் இந்த இடத்தில் ஆட ஆள் கட்டை" என்றான். முதல் சுற்றிலேயே எடுப்பார்கள் என்று பேசப்பட்டவன் பெயர் இரண்டாம் சுற்றின் அடிக்குப் போயிற்று. சிலர் பட்டியலில் பெயரே இல்லை.

"அது சிகாகோ டேப்பு!" என்று டீக்கன் கடைக்குள் நின்று கத்தினார். "நம்ம ஊர் டேப்புல அளக்கச் சொல்லு பார்ப்போம்!" வெர்னெல் தன் கழுத்தில் தொங்கிய டேப்பைச் சுருட்டி இழுப்பறைக்குள் போட்டாள். போ போ என்று விரட்டிய வாயெல்லாம் ஒரே வாரத்தில் வா வா என்றது. தண்ணீர்த் தொட்டிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

புதன்கிழமை கெடு. செவ்வாய்க்கிழமை மதியம் டெம்ரிக் கடைக்கு வந்தான். வாசலில் குனியவில்லை. அவன் தலைக்கும் மேல் கட்டைக்கும் நடுவில் ஒரு கை போகிற இடம் இருந்ததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

"சாப்பிட்டியாடா?" என்றாள் வெர்னெல்.

"ஆச்சும்மா. காலேஜ் கோச் போன் பண்ணாரு. பேரை எடுத்துட்டு வந்துடு, இன்னும் ஒரு வருஷம் ஆடுன்னாரு."

"வந்துடேன்." அவள் வாயில் ஊசி இல்லை. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"வந்தா?"

"வந்தா இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம். நல்லா ஆடலாம். அப்புறம் போ."

"இன்னும் ஒரு வருஷத்துல வளர்ந்துருவேனாம்மா?"

வெர்னெல் இழுப்பறைப் பக்கம் பார்த்தாள்.

"டெம்ரிக், அந்த ஃபாரம்..."

"தெரியும்மா."

"என்னடா தெரியும்?"

"நீ எழுதும்போது பக்கத்துலதானே நின்னேன். மறுநாள் கோச் என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டாரு, நெசமாவே ஆறு ஏழாடான்னு. ஆமான்னு நானும் சொன்னேன்." அவன் ஒரு காலால் மறு கால் ஷூவின் குதியை மிதித்துக் கழற்றினான். "அப்புறம் அத்தை வீட்டுக் கொல்லையில துணி காயப்போடற இரும்புக் கம்பம் இருக்கில்ல, அதுல தினம் தொங்குவேன். ஒரு கோடை முழுக்க. கைதான் நீண்டுச்சு."

"அந்தக் கம்பம் வளைஞ்சது உன்னாலயாடா?" என்றேன். "கரண்டு மீட்டர்காரன் வண்டியை இடிச்சுட்டான்னு அவனை ஒரு வருஷம் திட்டினேனே!"

"பாவம் அத்தை அவரு. நான் வேலிக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டுதான் இருந்தேன்."

வெர்னெல் சிரிக்கவில்லை. "யாரும் எடுக்கலைன்னா என்னடா பண்ணுவ? மார்லன் மாதிரி ஆயிட்டா?"

"மார்லன் நல்லாத்தான் இருக்கான். நீங்கதான் யாரும் அவன்கிட்டப் பேசறதில்ல."

எனக்குச் சுருக்கென்றது.

"நாலு வருஷமா ரெண்டு சாக்ஸ் போட்டு, ஷூவுக்குள்ள அட்டை வெச்சு நிக்கிறேன்மா. இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அடுத்த வருஷம் அளந்தாலும் இதே நாலே முக்கால்தான். இந்த ஒசரத்துக்கு ஆட்டம் இருக்கா இல்லையான்னு பார்த்துடறேன். பேரை எடுக்கப் போறதில்ல." பேச்சு திடமாகத்தான் இருந்தது. ஆனால் கழற்றிய ஷூவைக் கையில் எடுத்தவன், எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

வெர்னெல் அவனை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள். துணி பார்க்கிற பார்வை. பிறகு பின்னால் போய் அந்த நீலப் பேண்டை எடுத்து வந்து அவன் தோளில் போட்டாள்.

"திரைக்குப் பின்னால போய் மாட்டிட்டு வா."

வந்து ஸ்டூலில் ஏறினான். பேண்டு அவன் பாதத்தை மூடித் தரையைப் பார்த்துத் தொங்கியது. "ஷூ போட்டுக்க, அளக்கணும்" என்றாள் வழக்கப்படி.

"வேணாம்மா. இப்படியே அள."

இழுப்பறையைத் திறந்து டேப்பை எடுத்தாள். ஏழு ஊசி வாய்க்குப் போயின. மண்டி போட்டாள். இடது கால், வலது கால். சாக்பீஸால் கோடு போட்டாள். முதல் கோட்டைத் தட்டி அழித்துவிட்டு மறுபடி போட்டாள். "ம்" என்றாள். அவன் திரும்பினான்.

பேண்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அரைக்கால் டிரவுசரும் வெறுங்காலுமாக மேஜைப் பக்கம் வந்து நின்றான். அவள் துணியை விரித்துக் கையால் நீவினாள். கோட்டுக்குக் கீழே ஓர் அங்குலம் விட்டு இன்னொரு கோடு. அதற்கும் கீழே நாலு அங்குலம் மிச்சம். வழக்கமாக அவள் கை உடனே உள்ளே மடிக்கும். மடித்தது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள்.

பிறகு மடிப்பைப் பிரித்தாள். எழுந்து போய்ச் சுவரிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். அது கரகரவென்றுதான் திறந்தது. இரண்டாம் கோட்டின் மேல் வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிறுத்தாமல் வெட்டினாள்.

நாலு அங்குல நீலத் துணி டெம்ரிக்கின் வெறுங்காலின் மேல் விழுந்தது. அதை எடுக்கக் குனியாமல் பேண்டின் அடுத்த காலை விரித்தாள்.